இலை போடுவதற்கு முன்பே

2017 ஜனவரியில் ஒரு நாள் காலைப் பேப்பரில் படித்த செய்தி இது. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தன் 52ஆவது பட்டமளிப்பு விழாவில் கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிடுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருவதாக இருந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். தேர்ந்தெடுத்ததற்கு நன்றி சொன்னார். விளையாட்டுத் துறையில் ஏதாவது ஆராய்ச்சி செய்து, பட்டத்தை உழைத்தே வாங்கப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு அந்நிய இடமும் இல்லை. அப்போது அதன்கீழ் இருந்த விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில்தான் அவருடைய அம்மா கட்டடக்கலைப் பேராசிரியராக வேலை பார்த்தவர். தெரியாதவர் நீட்டுவதை மறுப்பது சுலபம். தெரிந்தவர் தட்டில் வைத்து நீட்டும்போதுதான் நாக்கு புரளாது. திராவிட் மறுப்பதில் பழகினவர். டெஸ்ட் ஆட்டங்களில் அவர் சந்தித்த பந்துகள் 31,258. அதற்கு மேல் சந்தித்தவர் இல்லை. அவர் அடித்த பந்துகளைவிட விட்ட பந்துகளைத்தான் நான் அதிகம் ரசித்தேன். மட்டையை உயரத் தூக்கி, பந்து கீப்பர் கைக்குப் போய்ச் சேரும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து வீசினவர்மேல் ஒரு கோபமும் இருக்காது.

இதே பெங்களூரில் வேறு மாதிரி மறுத்தவரும் உண்டு. சர் சி. வி. ராமன் 1948இல் இங்கே தன் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். சொந்தப் பணமும் நன்கொடையுமாக நடத்தினாரே தவிர, அரசாங்க மானியத்தை அண்டவிடவில்லை. 1970இல் அவர் காலமான பிறகுதான் அந்த நிறுவனத்துக்கு அரசுப் பணம் வந்தது. அவருடைய 'வேண்டாம்' இடி மாதிரி விழுமாம். நோபல் பரிசு வாங்கியவருக்கு அது கட்டுப்படியாகும். மறுநாள் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டிய நமக்கு ஆகாது.

நமக்கு ஏற்றவர் என் பழைய ஆபீஸில் இருந்த ஒரு கன்னடப் பெரியவர்தான். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிற ஊர் இது. கல்யாணமான புதிதில் அல்சூரில் ஒரு வீடு பார்த்துவிட்டு, அந்த அட்வான்ஸுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டிருந்தேன். ஜாமீன் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். பெரியவர் வீட்டுக்குப் போனேன். உட்காரவைத்து, காபி கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்று என் சொந்தத் தம்பிக்கே சொல்லிவிட்டேன். இன்றைக்கு உங்களுக்குப் போட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? தப்பாக நினைக்காதீர்கள்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் வீட்டுக் காபி கசந்தது என்றுகூட மனைவியிடம் சொன்னேன். பாவம், காபி என்ன செய்யும்! இரண்டாவது ஆளோ மகா இனியவர். "பார்க்கலாம், ஆகட்டும்" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், கையெழுத்து மட்டும் வரவில்லை. அந்த வீட்டுக்கு வேறொருவர் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டார். "பெரியவராவது அன்றைக்கே சொல்லிவிட்டார். இவரை நம்பித்தானே வேறு யாரையும் கேட்காமல் இருந்தோம்?" என்றாள் மனைவி. அந்த வாரமே பெரியவர் எங்களைத் தேடிவந்து, அவருக்குத் தெரிந்த ஒருவரின் சின்ன போர்ஷனைக் காட்டினார். அட்வான்ஸ் குறைவு. நாங்கள் குடித்தனம் தொடங்கியது அங்கேதான்.

இப்போது கல்யாண அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. பார்த்தவுடன் நாமும் அந்த இரண்டாவது ஆளைப் போலக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறோம். ஒயிட்ஃபீல்டிலிருந்து ராஜாஜி நகருக்குக் காலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது முதல்நாள் ராத்திரிதான் உறைக்கிறது. உடனே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்துவிடும். பெரும்பாலும் குழந்தைக்கு. மறுநாள் சாயங்காலம் அதே குழந்தை லால்பாக் மலர்க் கண்காட்சியில் ஐஸ்கிரீமும் கையுமாகக் கல்யாண வீட்டார் எதிரில் போய் நிற்கும். காரணத்தை நம்மேல் போட்டுக்கொண்டு, "அவ்வளவு தூரம் என்னால் வர முடியவில்லை, இன்னொரு நாள் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொன்னால் யார் கோபிக்கப்போகிறார்கள்? கோபித்தாலும் இரண்டு நாள். இன்னொரு நாள் வருவதாகச் சொன்னால் மட்டும், கட்டாயம் போய்விட வேண்டும்.

கல்யாணச் சமையல்காரர்கள் இலைக் கணக்கை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஆள் வராத இலைக்கும் பெண்ணைப் பெற்றவர்தான் பணம் கட்டுகிறார். போக முடியாத கல்யாணம் ஏதாவது உங்கள் போனில் இருந்தால், இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.