மருந்திலுமா ஏழை, பணக்காரன்?

‘விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். விருந்து சரி. மருந்து? இரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் விழுங்குகிற மாத்திரை மூன்று நாளில் முடிகிற சமாசாரமா, நேயர்களே? மூச்சு உள்ள மட்டும் தொடர்வதல்லவா அது! அரிசி, பருப்பு போல மருந்தும் மாதச் செலவில் ஒன்றாகிவிட்ட காலம் இது. அதனால்தான் அதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்தில். முன்பு ஈயம் உருக்கும் ஆலை இருந்த இடத்தில் இன்று கடைத்தொகுதி எழும்பி நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரியும் தூரமில்லை. மருந்துக் கடைக்கும் பஞ்சமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மருந்து கிடைக்காமல் ஒருவர் அவதிப்படுவாரா என்று நீங்கள் கேட்கலாம்.

எங்கள் மாடியில் இரண்டு குடும்பங்கள். ஒன்று, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. அவருக்கு மாத்திரை மாதந்தவறாமல் வந்துவிடும். மற்றொன்று, செபராங் பிறையில் பால்மரம் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டபின் மகளோடு வந்து சேர்ந்த ஒரு மூதாட்டி வீடு. அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெஸர் கொடுத்த சிவப்புத் தண்ணீர் மருந்தைத் தவிர வேறு வைத்தியம் அறியாதவர். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, இரத்தக் கொதிப்பு.

அரசாங்க கிளினிக்கில் நம் நாட்டுப் பிரஜைக்கு 1 வெள்ளிதான் கட்டணம். மருந்தும் அதில் அடக்கம். உலகில் பல நாட்டு ஏழைகளுக்கு வாய்க்காத பாக்கியம் இது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டியை அழைத்துப் போக மகள் ஒரு நாள் வேலையை விட வேண்டும். நாட்கூலிக்காரிக்கு அந்த ஒரு வெள்ளி மருந்தின் உண்மை விலை ஒரு நாள் சம்பளம்! ஆகவே பக்கத்துக் கடையில் வாங்கினார்கள். விலை கட்டுப்படியாகவில்லை. பாட்டி என்ன செய்தார் தெரியுமா? மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதி இன்று, பாதி நாளை என்று விழுங்கினார். ஒரு நாள் குழாயடியில் மயங்கி விழுந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். இன்றும் அவருடைய இடது கை சரியாக வழங்கவில்லை.

பாட்டியைச் சிக்கனக்காரி என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அப்படி ஏச மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மருந்து விலையை ஆராய்ந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தனியார் மருந்துக் கடைகளில் அசல் முத்திரை மருந்துகள் அனைத்துலக ஒப்பீட்டு விலையைப் போல 16 மடங்கு விற்றன. அதே மருந்தை வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் பொது மருந்துகள்கூட 6 மடங்குக்கும் மேல்! இரத்தக் கொதிப்புக்கோ வயிற்றுப் புண்ணுக்கோ ஒரு மாத மருந்து வாங்க ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம் போய்விடும் என்று கணக்கிட்டார்கள். அரசாங்கத்தில் மருந்து இலவசம். ஆனால் அத்தியாவசிய மருந்துகள் எல்லாம் அங்கே எப்போதும் இருக்கவில்லை என்பதையும் எழுதினார்கள்.

இதற்கு வழியே இல்லையா? உண்டு. 2003-இல் நம் அரசாங்கம் எச்.ஐ.வி. மருந்துக்கு இருந்த காப்புரிமையை மீறி, சட்டப்படியே, இந்தியாவிலிருந்து அதே மருந்தைத் தருவித்தது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலராக இருந்த செலவு 58 டாலராக இறங்கியது. கல்லீரல் அழற்சி ‘சி’ வகைக்கான சொஃபோஸ்புவிர் 2013-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர்! 2017-இல் மலேசியா மறுபடியும் அந்த அரசாங்க உரிமையைப் பயன்படுத்தியது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தச் சிகிச்சை கிடைக்கத் தொடங்கியது. செய்ய மனமிருந்தால் விலை இறங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இந்தக் குரலில் பினாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1981-இல் உருவான அனைத்துலக சுகாதாரச் செயல் இயக்கத்தின் ஆசிய பசிபிக் வேலைகள் இந்த ஊரிலிருந்துதான் நடந்தன. அதை இங்கிருந்து நடத்தியவர்களில் ஒருவர் மருந்தியல் அறிஞர் டாக்டர் கே. பாலசுப்பிரமணியம், இலங்கைத் தமிழர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019-இல் மறையும் வரை ஏழைகளுக்காகப் பேசியவர்.

சரி, வீட்டில் இருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன?

மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மெட்ஃபோர்மின் என்பது மருந்தின் சொந்தப் பெயர். பெட்டியில் பெரிதாக இருப்பது நிறுவனம் சூட்டிய பெயர். அதே மருந்து மலிவாக உண்டா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 2025 மே முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக் கடையும் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது ஆணை. பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அரசாங்க மருந்துச் சீட்டு உள்ளவர்கள், அடுத்தடுத்த மாத மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே பெற ஏற்பாடு உண்டு. தபாலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. மருந்து கொடுக்கும் இடத்திலேயே விசாரிக்கலாம். எங்கள் மாடிப் பாட்டியின் மகளுக்கு இதை யாருமே சொல்லியிருக்கவில்லை. அறிக்கையும் பாரமும் மலாயில் இருக்கின்றன. படிக்கத் தெரியாத தாய்க்கு யார் படித்துச் சொல்வது? படித்த நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. அடையாளப் பத்திரம் இல்லாத நம்மவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். பிறந்தது இந்த மண். ஆஸ்பத்திரியில் கட்டுவதோ அந்நியர் கட்டணம். அப்படிப்பட்ட குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால், பத்திரத்துக்கு மனுச் செய்ய ஒரு நாள் உடன் போய் வாருங்கள். அதுவும் மருந்து கொடுப்பதற்குச் சமம்தான்.

வியாதி வீட்டு விலாசம் பார்த்து வருவதில்லை, நேயர்களே. மருந்து மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?