மோவாபின் பாறைப் பாதையில் ஒரு நாள்

மோவாபு என்னும் பெயரைக் கேட்டவுடன், விவிலியம் வாசிக்கும் நம் குடும்பத்தினருக்கு இருவர் நினைவுக்கு வருவர். வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து கண்டு, அதனுள் அடிவைக்காமலே கண்மூடிய மோசே ஒருவர். மாமியாரை விட்டுப் பிரிய மனமின்றி, பெத்லகேம் வயல்களில் கதிர் பொறுக்கிப் பிழைத்த மருமகள் ரூத்து மற்றொருவர். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த அந்தப் பழைய நாட்டின் பெயரைத் தாங்கிய சிற்றூர் ஒன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆங்கில வழக்கில் அதனை மோவாப் என்பர். அங்கே குடியேறியவர்கள் விவிலிய நாட்டை நினைந்தே அப்பெயரை இட்டனர் என்பது பலரும் கூறும் விளக்கம்.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சமே. ஆனால் அதைச் சூழ்ந்துள்ள நிலமோ கண்கொள்ளாக் காட்சி. திரும்பும் திசையெல்லாம் செம்பாறை. வடக்கே சில மைல் தொலைவில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கைக் கல்வளைவுகளைக் கொண்ட ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. தென்மேற்கே, ஆறுகள் குடைந்த பெரும் பள்ளத்தாக்குகளைக் காக்க 1964இல் அமைக்கப்பட்ட கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. தென்கிழக்கே, பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து பனிமுடி தரித்த லா சால் மலைகள். ஒருபுறம் பாலைவனம், மறுபுறம் வெண்பனி. இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

இத்தகைய பாறைக்காட்டில் வண்டிப் பாதைகள் எவ்வாறு தோன்றின? அதற்கு விடை யுரேனியம். அணு ஆயுதப் போட்டி மூண்டிருந்த காலத்தில், சார்லஸ் ஸ்டீன் என்ற நிலவியலாளர் மனைவி மக்களுடன் வறுமையில் உழன்றவாறே இப்பாலைவனத்தைத் துளைத்துப் பார்த்தார். 1952இல் மோவாபுக்குத் தென்கிழக்கே வளமான யுரேனியப் படிவத்தைக் கண்டார். அச்சுரங்கத்துக்கு அவர் இட்ட பெயர் மி விடா. ஸ்பானிய மொழியில் ‘என் வாழ்வு’ என்று பொருள். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர். இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஜீப் வண்டி அவர்களுக்கு உற்ற துணையாயிற்று. மேட்டிலும் பள்ளத்திலும் அவர்கள் வெட்டிய பாதைகள் மாகாணமெங்கும் வலைபோல் விரிந்தன. சில ஆண்டுகளில் யுரேனிய வேட்கை தணிந்தது. ஸ்டீனின் பெருஞ்செல்வமும் அவர் வாழ்நாளிலேயே கரைந்து போயிற்று. ஊர் எல்லையில் இயங்கிய ஆலை 1984இல் மூடப்பட்டபோது, கொலராடோ ஆற்றங்கரையில் ஒரு கோடியே அறுபது லட்சம் டன் கதிரியக்கக் கழிவு குவிந்து கிடந்தது. அதனை ரயிலில் ஏற்றி முப்பது மைல் தள்ளிப் புதைக்கும் பணி 2009இல்தான் தொடங்கிற்று. தேடி வந்தவர்கள் போய்விட்டனர். கழிவும் பாதைகளும் எஞ்சின.

அப்பாதைகளையே பிழைப்புக்கு வழியாக்க ஊரார் எண்ணினர். 1967இல் மோவாப் வணிகர் சங்கம், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையன்று, ஜீப் உடையோரை அழைத்து ஒரு நாள் உலாவை நடத்தியது. அதுவே ‘ஈஸ்டர் ஜீப் சஃபாரி’. 1980களில் ‘ரெட் ராக் ஃபோர் வீலர்ஸ்’ என்ற உள்ளூர்ச் சங்கம் பொறுப்பேற்றது. ஒரு நாள் உலா வளர்ந்து ஒன்பது நாள் விழாவாகி, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவன்று முடிவதாயிற்று. கொள்ளை நோயின் காரணமாக 2020இல் மட்டும் அது நடைபெறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அம்மாநிலத்தில் உள்ள பங்கு ஒன்றில் உதவிப் பணியாற்றச் சென்றிருந்தேன். யூட்டா மாநிலம் முழுமைக்கும் சால்ட் லேக் சிட்டி மறைமாவட்டம் ஒன்றே. பங்குக்கும் பங்குக்கும் இடையே நெடுந்தொலைவு. எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று தங்களுடன் இவ்விழாவுக்கு வருமாறு என்னை அழைத்தது. “புனித வாரத்தில் இந்தக் கேளிக்கை தகுமா?” என்று வாசகர்களுக்குத் தோன்றும் ஐயம் எனக்கும் தோன்றியது. அந்த இல்லத் தலைவி அதற்கு விடை வைத்திருந்தார். “திங்கட்கிழமை ஒரு நாள் மட்டுமே, ஃபாதர். வியாழன் முதல் ஞாயிறு வரை நாங்கள் கோயிலில்தான் இருப்போம். பள்ளி விடுமுறையில் குடும்பமாகச் சேர்ந்திருக்க எங்களுக்குக் கிடைக்கும் நாள் இது” என்றார். கணவர், மனைவி, பத்து வயது மகன், கணவரின் தாயாகிய எழுபது கடந்த பாட்டியார், நான் என ஐவராக ஒரு ஜீப்பில் ஏறினோம். முழங்கால் நோயினால் பாட்டியார் கைத்தடியின்றி நடக்க இயலாதவர். அவருக்கு முன்னிருக்கை தரப்பட்டது.

நாங்கள் சென்ற பாதைக்கு ‘ஃபின்ஸ் அண்டு திங்ஸ்’ என்று பெயர். மீனின் முதுகுச் செட்டைபோல் நீண்டு குறுகி எழும்பி நிற்கும் பாறைகளின்மீது ஏறி இறங்கிச் செல்வதால் அப்பெயர். புறப்படுமுன் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் கீழே குனிந்து, டயர்களில் இருந்த காற்றைப் பாதியளவுக்கு இறக்கிக்கொண்டிருந்தனர். காற்று குறைந்த டயர் தட்டையாகி, பாறையின் மேடுபள்ளங்களைத் தழுவிப் பற்றிக்கொள்ளும். பிறகு நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும்படி, மிகத் தாழ்ந்த கியரில் வண்டியை வைத்தனர். இவ்வாறு செய்தால் எஞ்சினின் வலிமை பன்மடங்காகும். வேகமோ மனிதனின் நடைவேகத்துக்குக் குறைந்துவிடும். பந்தயம்போல் பாய்ந்து செல்வார்கள் என்று எதிர்பார்த்த எனக்கு இது முதல் வியப்பு. இக்கலையில் தேர்ந்தவர், மெல்லச் செல்லத் தெரிந்தவரே.

அப்பாறைக்கு ‘ஸ்லிக் ராக்’, அதாவது வழுக்குப்பாறை என்று பெயர். சுமார் பத்தொன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை அவை. முற்காலத்தில் குடியேறியவர்களின் குதிரைகள் இரும்பு லாடத்தால் அதன்மேல் வழுக்கி விழுந்தன; ஆகவே அப்பெயர். ஆனால் ரப்பர் டயருக்கோ அது உப்புத்தாள்போல் பிடிமானம் தருகிறது.

முதல் ஏற்றம் வந்தது. வண்டியின் மூக்கு மேல்நோக்கி எழ, கண்ணாடியின் வழியே பாதை மறைந்தது. நீலவானம் ஒன்றே தெரிந்தது. ஓட்டுபவருக்கும் அவ்வளவே தெரியும். எதிரே உச்சியில் சங்கத்துத் தொண்டர் ஒருவர் நின்று, இரு கைகளையும் அசைத்து இடம், வலம், நில், வா என்று சைகை செய்தார். இல்லத் தலைவர் தம் கண்ணுக்குத் தெரியாத பாறையை விட்டுவிட்டு, அந்த மனிதரின் கைகளை மட்டுமே நோக்கினார். பிறந்தது முதல் எங்களுக்குத் தெரிந்திராத ஒருவரின் இரண்டு உள்ளங்கைகளில் ஐந்து உயிர்கள் இருந்தன. உச்சியை அடைந்தபோது பாட்டியார் சிலுவை அடையாளம் வரைந்தார். பையனோ கைகொட்டிச் சிரித்தான்.

இன்னொரு வழக்கமும் என் மனத்தைக் கவர்ந்தது. வரிசையின் முதல் வண்டியில் வழித் தலைவர் இருப்பார். கடைசி வண்டியில் இருப்பவரை ‘டெயில் கன்னர்’ என்பர். போர் விமானத்தின் வாலில் அமர்ந்து பின்புறத்தைக் காக்கும் வீரனின் பெயர் அது. எவருடைய வண்டி பழுதுற்றாலும் அவர் அதனைக் கடந்து போகமாட்டார். அவ்வாறே ஒவ்வொரு வண்டியும், பாதை திரும்பும் இடங்களில், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். முன்னால் செல்பவரை விரட்டிப் பிடிப்பதைவிட, பின்னால் வருபவரைத் தவறவிடாதிருப்பதே அங்கு முதற்கடமை.

நண்பகலுக்குச் சற்று முன் எங்களுக்கு முன்னே சென்ற வண்டியின் டயர் வளையத்தை விட்டுக் கழன்றது. வரிசை நின்றுபோயிற்று. வெயில் ஏறிற்று. அரைமணி நேரம் பொறுத்த பையனுக்குப் பொறுமை தீர்ந்தது. பாதையின் ஓரத்தில் தடையேதுமற்ற மணல்வெளி கிடந்தது. “அப்பா, இப்படிச் சுற்றிப் போய்விடலாமே! இருபது அடிகூட இராது” என்றான். தந்தை விடை சொல்லுமுன் பாட்டியார் அவனைக் கீழே இறங்கச் சொன்னார். பாறையின் விளிம்பில் நின்றபடியே குனிந்து பார்க்குமாறு பணித்தார். நானும் உடன் இறங்கிப் பார்த்தேன். வெறும் மணல் என்று நான் எண்ணியது மணலன்று. கருமை படர்ந்து, சிறு சிறு கோபுரங்கள்போல் புடைத்த ஒரு பொருக்கு நிலமெங்கும் மூடியிருந்தது.

“அதோ பார்” என்று பாட்டியார் கைத்தடியால் சுட்டினார். பொருக்கின் நடுவே இரண்டு இணைகோடுகள் மங்கலாக நீண்டு சென்றன. “நான் உன்னைவிடச் சிறியவளாக இருந்தபோது என் தந்தை யுரேனியச் சுரங்கத்தில் வேலை செய்தார். அந்தக் காலத்து வண்டிகள் போன தடமாகத்தான் அது இருக்கும். ஒரே ஒரு முறை போயிருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல எவரும் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்” என்றார். பையன் ஒன்றும் பேசாமல் வந்து தன் இருக்கையில் அமர்ந்தான்.

அந்தப் பொருக்கைப் பற்றி அறிஞர் கூறுவதை நம் உழவர் குடும்பங்கள் எளிதில் உணரும். நெல்வயலுக்கு நாம் உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே அதற்கு அடிப்படை. அவை மெல்லிய இழைகளை விட்டு மணல்துகள்களைப் பின்னிப் பிணைக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உணவாக்குகின்றன. அவற்றின்மேல் கற்பாசிகளும் பாசிகளும் வளர்ந்து மண்ணைக் காக்கின்றன. ஒரு சக்கரம் ஏறினால் இவை நொறுங்கிவிடும். முழுமையாகத் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

நொறுங்கிய மண் அங்கேயே கிடப்பதுமில்லை. கால்நடை மேய்ச்சலாலும் வண்டிகளாலும் குலைந்த நிலத்திலிருந்து காற்று புழுதியை வாரிச் சென்று, கிழக்கேயுள்ள மலைகளின் பனிமீது தூவுகிறது. அழுக்கேறிய பனி வெயிலை மிகுதியாக உறிஞ்சி, உரிய காலத்துக்குப் பல நாட்கள் முன்னதாகவே உருகிவிடுகிறது. அந்தப் பனியே கொலராடோ ஆற்றின் நீர். அந்த ஆற்றையே ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் நம்பியிருக்கின்றனர். இருபது அடிக் குறுக்குவழி எங்கே, கோடிக்கணக்கானோரின் குடிநீர் எங்கே என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகளே.

இதனால் வண்டிகளே அங்கு வரலாகாது என்போர் உண்டு. 1950களில் ஆர்ச்சஸ் பூங்காவில் காவலராக இருந்த எட்வர்டு ஆபி என்ற எழுத்தாளர், 1968இல் வெளிவந்த தம் நூலில், பூங்காக்களுக்குள் மோட்டார் வண்டிகளை விடாமல் மக்களை நடந்துவரச் செய்யவேண்டும் என்று வாதிட்டார். 2023இல் நடுவண் நில நிர்வாகத் துறை, மோவாபுக்கு அருகே ஒரு பகுதியில் 317 மைல் நீளப் பாதைகளை வண்டிகளுக்கு மூடியது; எண்ணூறு மைலுக்கு மேற்பட்ட பாதைகளைத் திறந்தே வைத்தது. வண்டிச் சங்கங்களும் மாநில அரசும் அதனை எதிர்த்து முறையிட்டன. வழிவழியாகச் சென்ற பாதை மூடப்பட்டால் வருந்துவோரின் மனத்தை நான் குறைகூற மாட்டேன். நடந்தே வரவேண்டும் என்ற விதி இருந்திருந்தால், அப்பாட்டியார் தம் பேரனுக்கு அந்தத் தடத்தைக் காட்டியிருக்க முடியாது. ஆனால் வண்டியில் வர அவருக்குள்ள உரிமை, பாதையை விட்டு விலகாதவரையில்தான் பிறர் உரிமையோடு மோதாமல் நிற்கும்.

மாலையில் லா சால் மலையின் பனி செந்நிறம் பூண்டது. கொண்டுபோன உணவின் காகிதம், எலும்பு, தோல் அனைத்தையும் அத்தாய் ஒரு பையில் கட்டி வண்டியிலேயே வைத்துக்கொண்டார். டயர்களில் மீண்டும் காற்றடைக்கும் பொறுப்பு பையனுடையதாயிற்று.

நம் குடும்பங்களும் கோடை விடுமுறையில் மலைக்கும் கடற்கரைக்கும் செல்கின்றன. ஜீப் ஏறாத மலையே இல்லை என்னும் நிலை நம் நாட்டிலும் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பாட்டன் பாட்டியையும் மறவாது அழைத்துச் செல்லுங்கள். எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தவர்கள் அவர்களே.

அறுவடைக் காலத்தில் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அவற்றை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. அப்படி யாரோ விட்டுவைத்த ஓரத்தில் கதிர் பொறுக்கியே மோவாபு நாட்டு ரூத்து உயிர் வாழ்ந்தாள். அவள் வழிமரபில் தாவீதும், நம் ஆண்டவரும் தோன்றினர். வயலுக்கு உரியவன் ஓரத்தையும் வழித்து அறுத்திருந்தால் அந்த அந்நியப் பெண்ணுக்கு உணவு ஏது? அவள் நாட்டின் பெயரைத் தாங்கிய அவ்வூரில், பாதையோரத்துக் கரும்பொருக்கும் அத்தகைய ஓரமே. அதனை அறுக்காமல் விடுவோம். நமக்குப் பின்னே வருபவர் யாரென நாம் அறியோம்.