உக்காத படகு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்றொழில் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மரக்கலங்களையே நினைவுகூர்வர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’யைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. அப்பெருமை தகும். ஆயின் இன்று எமது கரைகளில் எங்கும் காணப்படுபவை ஏறத்தாழப் பதினெட்டடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகுகளே. அவற்றைப் பற்றி எழுதுவாரைக் காண்பது அரிது.

1940களில் அமெரிக்காவிற் படகு கட்டப் பயன்படத் தொடங்கிய இப்பொருள், எமது மக்களிடையே வேரூன்றியதிற் சீநோர் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. நோர்வேயரான ஆர்னே பியோர்டொவ்ட்டும் எம்மவரான அந்தோனி இராஜேந்திரமும் 1967இல் தொடக்கிவைத்த அம்முயற்சியின் படகுத்தளம் காரைநகரில் இருந்தது. ‘பைபர்’ என மீனவர் சுருக்கி வழங்கும் இப்படகுக்கு ஆண்டுதோறும் கலப்பற்று வேண்டியதில்லை, கடற்புழு அதனைத் துளைக்காது, அது உக்காது. இறுதியிற் கூறிய நன்மையே பின்னர் வில்லங்கமாயிற்று. முதுமையடைந்த மரவள்ளம் அடுப்பெரிக்க உதவும். பைபரை எரித்தால் நச்சுப்புகை. எறிந்தாற் தலைமுறைகளுக்கும் கரையிற் கிடக்கும்.

எனது சிறிய தந்தையாரின் பழைய படகைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா என்ற வழக்கு எம் குடும்பத்தில் நெடுநாள் நடந்தது. நோர்வேயிலுள்ள உறவினர் பணம் அனுப்ப ஆயத்தமாயிருந்தனர். சித்தப்பாவோ மீளக் கொடுக்க இயலாத கடனை ஏற்க விரும்பவில்லை. மறுபுறம், நீரூறிப் பாரமேறிய படகு எரிபொருளை விழுங்கியது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், வலையில் விழும் மீனிற் பெரும்பகுதி இயந்திரத்துக்கே போயிற்று.

தந்தையார் காலத்தில் மரவள்ளம் கட்டிய ஓடாவி ஒருவரே வேலைக்கு வந்தார். அவர் உளிப்பிடியால் அணியம் முதல் கடையார் வரை தட்டித் தட்டிக் கேட்டார். நல்ல இடம் கணீரென ஒலித்தது. படை பிரிந்த இடம் மந்தமாக ஒலித்தது. அடிப்புறக் கொப்புளங்களைக் குத்தியபோது காடிநாற்றமுள்ள நீர் வடிந்தது. இயந்திரம் பூட்டும் பின்பலகை வெளியே பளபளப்பாகவே இருந்தது. அதனை வெட்டித் திறந்தபோது உள்ளிருந்த ஒட்டுப்பலகை கறுத்துக் கூழாகிக் கிடந்தது. ஆணித்துளைகளின் வழியே ஆண்டுக்கணக்காக நீர் இறங்கியிருக்கின்றது.

“வெளியிலை மாப்பிள்ளை மாதிரிக் கிடக்கு, உள்ளுக்கை ஒண்டுமில்லைத் தம்பி” என்றார்.

உக்காத பொருளுக்குள் உக்கும் மரத்தை வைத்து மூடியதே இவ்வகைப் படகின் பெருங்குறை என்பது என் கருத்து. மரவள்ளம் தன் நோயை மறைப்பதில்லை.

சுரண்டித் தேய்த்த படகைச் சோழகக் காற்றிற் பல வாரங்கள் உலரவிட்டோம். ஈரத்தின்மேற் பிசின் ஒட்டாது. ஒரு கிலோ பிசினுக்கு இறுக்கித் திரவம் பத்து முதல் இருபது மில்லிலீற்றர் வரை போதும். எமது வெயிலிற் குறைந்த அளவே நன்று. நண்பகலிற் கலந்தால் தூரிகை நனையுமுன் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். ஆதலால் விடியற்காலையிலேயே கண்ணாடியிழைப் பாயை விரித்துப் பிசின் பூசினோம். விரைவாக்கியையும் இறுக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும் என்பதால் அவற்றை ஓடாவி கொட்டிலின் இரு மூலைகளில் வைத்திருந்தார். இதனை அவர் எந்நூலிலும் படித்தவரல்லர். மர ஓடாவிகளின் கலை பைபரோடு மறைந்தது என்று விரிவுரைகளிற் கேட்டுள்ளேன். அக்கூற்றை முழுமையாக ஏற்க இப்போது என்னால் இயலவில்லை.

புதிய பின்பலகையின் ஆணித்துளைகள் ஒவ்வொன்றையும் அகலத் துளைத்து, பிசினால் நிரப்பி, அதன் நடுவே மீண்டும் துளைத்தார். இனி நீர் மரத்தைத் தொடாது. முன்பு பத்துப்பேர் கூடி இழுத்த படகை எட்டுப்பேர் கடலில் இறக்கினோம். முதல் வாரத்து மண்ணெண்ணெய்க் கணக்கைச் சித்தப்பா கொட்டிற் கப்பிற் கரியால் எழுதி வைத்திருக்கின்றார். நோர்வேக்கு இன்னும் மறுமொழி அனுப்பவில்லை.