மிதிப்போர்க்கு ஒரு படி

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை நிலவிற்று. எம் ஆசிரியர்கள் துவிச்சக்கரவண்டியிலேயே பாடசாலைக்கு வந்தனர். பின்னாளில் ஆசிரியனான நானும் அவ்வாறே சென்றேன். எவரும் பரிசளிக்கவில்லை, வேறு வழியுமில்லை.

பல வழிகள் உள்ள நாட்டில் ஊக்குவிப்பு வேண்டும். ரொறன்ரோ நகரசபை முன்றலில், வண்டியில் வேலைக்கு வருவோருக்கு ஆண்டில் ஒருநாள் இலவசக் காலையுணவு வழங்கிய வழக்கம் உண்டு. நல்லதே; ஆயினும் ஒருவேளை உணவு ஒருநாட் பயணத்துக்கே போதும். பெல்ஜியத்தில் மிதித்த தூரத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் படி கிடைக்கிறது. 2023 மே முதல் தனியார்துறையில் அது பொது உரிமையாயிற்று.

என் நெஞ்சிற் பதிந்தது தமிழகத்துப் புதுக்கோட்டையே. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு வண்டியோட்டவும் கற்பித்தது. வண்டி வாங்கக் கடனுக்கும் வழி செய்தது. கல்லுடைக்கும் பெண்களும் தாதியரும் ஆசிரியைகளும் ஏளனச் சொற்களைப் பொருட்படுத்தாது, தந்தையையோ கணவனையோ எதிர்பாராது வேலைக்குப் புறப்பட்டனர்.

பெற்றோரே, நள்ளிரவில் தொழிற்சாலை வேலை முடித்துப் பேருந்துக்காகக் காத்து நிற்போர் நம்மிற் பலர். வண்டியைப் பூட்டிவைக்க ஓரிடம், வாங்கச் சிறு கடன், கோடையிலாவது கிலோமீற்றருக்குச் சில சதம்: முகாமையாளரிடம் இவற்றைக் கேளுங்கள்.