கப்பல் காத்திருக்காது பாஸ்!

கொச்சிக்கு சொகுசுக் கப்பல் வந்திருக்கு. இறங்கின வெளிநாட்டுப் பயணிகளுக்கு நீங்கதான் கைடுன்னு வெச்சுக்கங்க. கையில அரை நாள்தான். லேட்டானா கப்பல் கிளம்பிடும்!

ஃபோர்ட் கொச்சியில சீன வலையைப் பார்த்ததும் கேமராவோட செட்டில் ஆயிடுவாங்க. ஒரு பக்கம் கல்லு தொங்க, நாலைஞ்சு பேர் கயிறு இழுத்தா வலை மேல எழும்பும். அதுலயே பாதி நேரம் காலி. செயின்ட் பிரான்சிஸ் சர்ச்ல, 1524-ல வாஸ்கோடகாமாவைப் புதைச்ச இடம். "இன்னும் உள்ளே இருக்காரா?"ன்னு கட்டாயம் கேப்பாங்க. இல்லை, போர்ச்சுகலுக்குக் கொண்டு போயிட்டாங்க.

அடுத்து மட்டாஞ்சேரி. 1568-ல கட்டின யூதர் ஜெப ஆலயம். சனிக்கிழமைன்னா பூட்டு! உள்ளே இருக்கற நீலச் சீன ஓடுகளை வாசல்லயே நின்னு வாயாலதான் காட்டணும்.

திரும்பறப்போ பஸ்ஸுல தலையை எண்ணுங்க. ஒண்ணு குறையுதா? மசாலாக் கடையில ஏலக்காய்க்குப் பேரம் பேசிட்டிருப்பாங்க ஒரு பாட்டி. ஓடுங்க!