வகுப்பறையான செம்மண்

திண்டுக்கல் என்றதும் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பூட்டுப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பிரியாணிக்கு நான் எழுதித்தான் பெயர் வர வேண்டும் என்பதில்லை. மதுரை போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கைத்தறிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி வரும். பக்கத்தில் அம்பாத்துரை ரயில் நிலையம், கிழக்கே சிறுமலை. இவற்றுக்கு நடுவே உள்ள காந்திகிராமத்தைத்தான் இந்த ஊருக்கு முதல் பெருமையாக நான் சொல்வேன்.

1946 பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் வந்த காந்தியைப் பார்க்க இந்த ரயில் பாதையோரம் கூட்டம் திரண்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். காந்தி அப்போது உயிரோடிருந்தார். வாழும் தங்கள் ஆசிரியரின் பெயரைத்தான் இந்த மண்ணுக்கு வைத்தார்கள். நான்கு மாதம் முடிவதற்குள், 1948 ஜனவரி 30-ல் அவர் சுடப்பட்டார். அன்று முதல் அந்தப் பெயர் நினைவுப் பெயராகிவிட்டது. சிலைக்குப் பதிலாக ஆசிரியருக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்கெனவே எழும்பத் தொடங்கியிருந்தது.

ஜி.ஆர். நெய்யாற்றின்கரைக்காரர். சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். அங்கே 1901 முதலே பிள்ளைகள் மரத்தடியில் தரையில் அமர்ந்துதான் பாடம் கேட்டார்கள். மழை வந்தால் எழுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். பிறகு அவர் காந்தியிடம் வந்தார். காந்தி ஒரு படி மேலே போனவர்: நூற்பதும் தோட்டம் போடுவதுமே பாடம் என்றார். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு அதற்கு ஆதாரக் கல்வியாக உருவம் கொடுத்தது. தாகூரின் நிழலும் காந்தியின் மண்வெட்டியும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. அதுதான் திண்டுக்கல்லுக்கு வாய்த்தது.

சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே முதல் கணவரை இழந்தபின் டெல்லி சென்று மருத்துவம் படித்தார். ஜி.ஆரை மறுமணம் செய்ய விரும்பியபோது, ஓராண்டு பிரிந்திருந்து பாருங்கள் என்றார் காந்தி. பிரிந்திருந்தார்கள், மனம் மாறவில்லை. 1940-ல் சேவாகிராமத்தில் அவரே முன்நின்று மணம் முடித்துவைத்தார். கஸ்தூரிபா பெயரிலான மருத்துவமனை, ஆதாரப் பள்ளி, சேவிகா ஆசிரமம் என்று காந்திகிராமம் விரிந்தது. 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1962-ல் சௌந்தரம் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். பதவிகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இங்கே படிக்கும் மாணவர் ஊர்களுக்குப் போய்த் தங்கிக் கற்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களெல்லாம் வகுப்பறை. மரத்தடி வகுப்பு இதைவிடப் பெரிதாக முடியாது.

இனி நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வருகிறேன். நல்லாசிரியர் ஒருவர் காலமானால் பழைய மாணவர்கள் என்ன செய்கிறோம்? படத்திறப்பு, பிளக்ஸ், மிஞ்சினால் பெயர் எழுதிய பீரோ. பீரோவின் சாவி இரண்டே வருடத்தில் தொலைந்துவிடும். அதே பணத்தில் பள்ளி வளாகத்தில் ஒரு திறந்தவெளி வகுப்பு அமைக்கலாம். திண்டுக்கல் சமவெளியில் வேம்பும் புங்கனும் வறட்சியைத் தாங்கி வளரும். நிழலுக்குப் புங்கனே சட்டென்று உதவும். மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பலகை போடுங்கள். ஆசிரியர் நிற்கும் இடம் வடக்குப் பக்கம் இருந்தால் பிள்ளைகளின் கண்ணில் வெயில் அடிக்காது. காலை இரண்டு பாடவேளைக்குத்தான் சரிப்படும். சித்திரை வெயிலில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மரம் வைப்பதைவிடக் காப்பதுதான் பாடு: முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றவும், ஆடு மேயாமல் வேலி கட்டவும் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு வகுப்பிடமே விட்டுவிடலாம். அறிவியல் ஆசிரியருக்குப் பாடமும் மிச்சம்.

நம் பக்கம் நம்பத்தகுந்த மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். உங்கள் ஆசிரியர் பேரில் ஏதாவது செய்ய நினைத்தால் தலைமையாசிரியரிடம் இப்போதே அனுமதி வாங்குங்கள். புரட்டாசியிலேயே குழி வெட்டிவிடுங்கள்.