கண்ணை மூடிக்கிட்டு மலையிறங்குறவங்க

ரெண்டு வருஷமா டென்வர்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கேன். இங்க இருந்துக்கிட்டு பனிச்சறுக்கு போகலைன்னா சாமிகுத்தம்னு டீம்ல சொல்லிச் சொல்லி, போன ஜனவரியில ஒரு சனிக்கிழமை என்னையும் மலைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னு ஒரு குட்டிச் சரிவு இருக்கும். அதுக்குப் பேரு பன்னி ஹில். முயல்குட்டியைத்தான் சொல்றாங்க. ஆனா நான் விழுந்து புரண்ட அழகுக்கு நம்ம ஊர் அர்த்தம்தான் கச்சிதம் :-)

கத்துக்கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். நான் மூணாவது தடவை அதே வேலிக்கிட்ட போய் விழுந்ததும் ஒண்ணு சொன்னாங்க. "வேலியில மோதிடக் கூடாதுன்னு வேலியையே பார்க்கறே. கண்ணு எங்கயோ, கால் அங்கதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாரு." வாடகை சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டு சாக்கடையில விழுந்த ஆளுங்களுக்கு இது புரியும்.

பக்கத்துச் சரிவுல பத்து பன்னெண்டு வயசுப் பசங்க கொடிக்கம்பம் நட்டு ரேஸ் பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு சின்னப்பொண்ணு மட்டும் ஓரமா நின்னு, கண்ணை மூடி, ரெண்டு கையையும் இடமும் வலமுமா வளைச்சு வளைச்சு ஆட்டிக்கிட்டு இருந்தா. என்ன பண்றா, வேண்டுதலான்னு கேட்டேன். "அவ இப்ப கீழே இறங்கிக்கிட்டு இருக்கா. மனசுக்குள்ள"ன்னாங்க.

ரூமுக்கு வந்து தேடிப் பார்த்தா விஷயம் பெருசா இருக்கு. ஸ்லாலம் ரேஸ்ல, போட்டிக்கு முன்னாடி அந்தப் பாதையில ஒரு தடவை கூட வேகமா ஓட்டிப் பார்க்க விடமாட்டாங்க. ஓரமா மெதுவா இறங்கி, எந்தக் கம்பம் எங்க இருக்குன்னு பார்த்து மனப்பாடம் பண்ணிக்கலாம், அவ்வளவுதான். ரெண்டாவது சுத்துக்குக் கம்பங்களை வேற மாதிரி நட்டுடுவாங்க. அதனால ஒத்திகை முழுக்க மூடின கண்ணுக்குள்ளதான்.

இதுல மிகைலா ஷிஃப்ரின் கதைதான் என்னை உட்கார வச்சது. இதே கொலராடோவுல வெய்ல்ல பிறந்தவங்க. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ், ஸ்லாலம், ரெண்டாவது சுத்து. அப்ப வயசு 18. முன்னணியில வந்துக்கிட்டு இருக்கும்போது பாதி வழியில ஒரு கால் அப்படியே காத்துல தூக்கிடுச்சு. எல்லாரும் போச்சுன்னு நினைச்ச நேரத்துல, சமாளிச்சு, கீழே வந்து, 0.53 செகண்ட் வித்தியாசத்துல தங்கம். ஜெயிக்கிற மாதிரி, மூணாவது வர்ற மாதிரி, ஏன் விழற மாதிரியும் கூட மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்திருந்தாங்களாம். உங்களுக்குத்தான் இது என் முதல் ஒலிம்பிக்ஸ், எனக்கு இது ஆயிரமாவதுங்கற மாதிரி சொன்னாங்க.

விழறதையும் ஒத்திகை பார்க்கிறது! இங்கதான் எனக்கு உறைச்சது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அதுக்கு முந்தின அக்டோபர்ல, ஒரு ராத்திரி ரிலீஸ்ல, டெஸ்ட் டேட்டாபேஸ்னு நினைச்சு ப்ரொடக்ஷன்ல ஸ்கிரிப்டை ஓட்டிட்டேன். நாலு மணி நேரம் எல்லாம் படுத்துடுச்சு. பேக்கப்ல இருந்து மீட்டோம். வேலை போகலை, யாரும் திட்டவும் இல்லை. ஆனா அதுக்கப்புறம் எண்டர் கீயைத் தொட்டாலே விரல் நடுங்கும். ரிலீஸ் இருக்கிற நாள்ல காய்ச்சல்னு சொல்லி ரெண்டு தடவை வேற ஆள் தலையில கட்டிட்டேன். மனசுல ஓடினது ஒரே வரிதான்: தப்பு நடந்துடக் கூடாது, தப்பு நடந்துடக் கூடாது. அதாவது, வேலியையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, கண்ணை மூடி ஒத்திகை பார்த்தா எல்லாம் சரியாயிடுமா? அதுவும் இல்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல இதே ஷிஃப்ரின் ஜெயண்ட் ஸ்லாலம்ல தொடங்கின சில செகண்ட்லயே அவுட். ரெண்டு நாள் கழிச்சு, அவங்க கோட்டையான ஸ்லாலம்லயும் சில கம்பத்துக்குள்ளயே அவுட். பாதையோரம் பனியில தலையைக் கவுத்துக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. உலகமே பார்த்துச்சு. நான் இதுல பெருசா நினைக்கிறது அடுத்து நடந்ததை. ரெண்டே நாள்ல திரும்ப மேலே ஏறி சூப்பர்-ஜியில 9வது. டவுன்ஹில்ல 18வது. கம்பைண்டுல மறுபடி அவுட். அணிப் போட்டியில 4வது. ஒரு பதக்கம் கூட இல்லை. ஆனா எல்லாத்துக்கும் வந்து நின்னாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 2024 நவம்பர்ல கில்லிங்டன்ல விழுந்து வயித்துல ஆழமா குத்துக்காயம். காயம் ஆறி 2025 ஜனவரியில ஸ்லாலம் ஓட்ட வந்தாச்சு. ஆனா விழுந்தது ஜெயண்ட் ஸ்லாலம் ஆச்சே, அதுக்கு மட்டும் மனசு ஒத்துக்கலை. பி.டி.எஸ்.டி.ன்னு வெளிப்படையா சொல்லிட்டு, பிப்ரவரியில உலகச் சாம்பியன்ஷிப் ஜெயண்ட் ஸ்லாலம்ல இருந்து விலகினாங்க. அப்ப அவங்க கணக்குல 99 உலகக் கோப்பை வெற்றி. அவங்களைப் போய் தைரியம் இல்லாதவங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? அந்த மாசமே ஸ்லாலம்ல நூறாவதும் வந்துடுச்சு. காய்ச்சல்னு பொய் சொன்ன எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு. மறுநாளே மேனேஜர்கிட்ட உள்ளதைச் சொன்னேன். அடுத்த ரிலீஸ் நான் பண்றேன், பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும்னு கேட்டேன்.

முந்தின ராத்திரி படுக்கையில கண்ணை மூடி ஓட்டிப் பார்த்தேன். சர்வர் பேரை வாய்விட்டுப் படிக்கிறேன். முதல் கட்டளை. ரெண்டாவது. நாலாவதுல உடையுது. உடனே என்ன டைப் அடிக்கணும், யாருக்குப் போன் போடணும்? அதையும் ஓட்டினேன். மூணு தடவை.

மறுநாள் நிஜமாவே உடைஞ்சது, ஆறாவதுல. பதினோரு நிமிஷத்துல பழைய நிலைமைக்குக் கொண்டு வந்துட்டேன். அன்னிக்கு ரிலீஸ் ஆகலை, அடுத்த வாரம்தான் ஆச்சு. கை அப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா நடுங்குற கைக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

டிஸ்கி: பன்னி ஹில்லைத் தாண்டிட்டியான்னு யாரும் கேட்கப்படாது. மனசுக்குள்ள மட்டும் ஆயிரம் தடவை தாண்டியாச்சு :-)